அறுபது வார்த்தை வேகத்தில் பம்பாய்

கோவில்பட்டி டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வாசலில்தான் இந்த யோசனை எனக்கு உதித்தது. ஹையர் தேர்வில் முதல் வகுப்பில் தேறிவிட்டு, வேலை இல்லாமல் நின்றுகொண்டிருந்தேன். தாராவியிலிருந்து கோயில் கொடை விழாவுக்கு வந்திருந்த எங்கள் தெருக்காரர் சுடலைமுத்து அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டைப் அடிக்கத் தெரியுமால? பேசாம தாதர்ல வந்து எறங்கு. கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவான்."

சென்னை போய், அங்கிருந்து பம்பாய் மெயிலில் மூன்றாம் வகுப்பு. முதுகு ஒடிந்து தாதரில் இறங்கினேன். என் கையைப் பிடித்து இழுத்தவர் போர்ட்டர் ஒருவர்தான்.

தாராவியில் அண்ணாச்சிக்குத் தோல் பட்டறையில் வேலை. ஒரே அறையில் ஏற்கெனவே எட்டுப் பேர். படுக்க இடம் உண்டு, புரள இடமில்லை. வந்த அன்றே அண்ணாச்சி கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆவணி பொறந்தா எம் மச்சினன் வாரான். அதுவரைக்கும்தான் ஒனக்கு எடம். வேல கெடைக்கலன்னா நானே மெயில்ல ஏத்திவிட்டுருவேன், பாத்துக்கோ."

ஆடி பாதி கடந்திருந்தது. திங்கட்கிழமை முதல் கோட்டைப் பகுதி ஆபீஸ்களில் படியேறினேன். வெளியே மழை, உள்ளே ஒரே கேள்வி: "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?" இல்லை என்றால், பெற்றுக்கொண்டு வா என்கிறார்கள். எந்தக் கடையில் விற்கிறது என்று கேட்க நாக்கு துடித்தது. வேலை பார்த்தவனுக்குத்தான் வேலை என்றால் முதல் டைப்பிஸ்ட் வானத்திலிருந்தா குதித்தான்?

வியாழக்கிழமை மாதுங்கா மெஸ் ஒன்றில் பக்கத்து இலைக்காரர் வழி சொன்னார். மில்லில் லீவு போட்டவனுக்குப் பதிலாக நிற்பவனைப் 'பத்லி' என்பார்களாம். மாதுங்கா டைப்பிஸ்டுகளும் ஊருக்குப் போகுமுன் தாங்களே ஒரு பத்லியைத் தேடி ஆபீஸில் உட்கார வைத்துவிட்டுத்தான் ரயிலேறுகிறார்கள். ஒரு மாதம் உட்கார்ந்தால் போதும். அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்துவிடும். அதே மெஸ்ஸில் சாப்பிடும் விசுவநாதன் என்பவர், தங்கை கல்யாணத்துக்காக ஆவணி முழுவதும் கும்பகோணம் போகிறாராம்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே அவர் முன் நின்றேன். அடித்துக் காட்டச் சொல்லி அடுத்த தெரு இன்ஸ்டிடியூட்டுக்கு அழைத்துப்போனார். எனக்கு முன்னால், அதே பத்லி இடத்துக்கு வந்திருந்த ஒரு பையன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது. நான் உட்கார்ந்தேன், மெஷின் அலறியது. அறுபது வார்த்தை, ஒரு பிழை இல்லை.

"பேஷ்!" என்றார் விசுவநாதன். பிறகு அந்தப் பையனைப் பார்த்து, "நீ திங்கட்கிழமை ஆபீஸுக்கு வந்துடு" என்றார்.

"சார், அவரைவிட நான்தானே வேகம்?"

"அதான்டா அப்பா சங்கடம். கல்யாணம் முடிஞ்சு நான் திரும்பி வரச்சே என் நாற்காலி காலியா இருக்க வேண்டாமா? உன்னைப் பாத்தா மானேஜர் என்னை மறந்துடுவார்."

"மெதுவாகவே அடிக்கிறேன், சார்."

"இப்போ சொல்லி என்ன? உன் கைதான் எல்லாத்தையும் சொல்லிடுத்தே."

கோட்டையில் தகுதி போதவில்லை. மாதுங்காவில் தகுதி கூடிவிட்டது. இந்த ஊரில் எந்த அளவில்தான் ஒருவன் இருந்து தொலைப்பது? ராத்திரி அறையில் விஷயத்தைச் சொன்னதும் எட்டுப் பேரும் சிரித்தார்கள். "ஏல கோட்டிப்பயலே," என்றார் அண்ணாச்சி, "அவன் பொழப்புலயே கைய வச்சா சும்மா விடுவானா?"

செம்பூரில் இன்னொரு டைப்பிஸ்ட் அடுத்த வாரம் பாலக்காடு போகிறாராம், மெஸ்ஸில் கேள்விப்பட்டேன். நாளை சயானில் ரயிலேறி, குர்லாவில் மாறிப் போகிறேன். முப்பத்தைந்து வார்த்தைக்கு மேல் போகக் கூடாது. இரண்டு விரல், நிறையப் பெருமூச்சு, மூன்று பிழை. எந்தெந்த இடத்தில் என்பதையும் முடிவு செய்துவிட்டேன்.