செடிக்கடியில் இருந்த பிள்ளை

எனக்கு வயது எழுபத்து நாலு. வளர்த்தது ஆறு பிள்ளைகள். நாலு நான் பெற்றது, இரண்டு என் கொழுந்தன் விட்டுவிட்டுப் போனது. ஆறு பேரில் ஒருத்தரும் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்னே கூடை தூக்கியதில்லை. எங்கே போனாலும் இதைச் சொல்லுவேன். இங்கேயும் முதலில் சொல்லிவிட்டேன்.

நான் தூக்கினேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. அம்மா பின்னாலே போய்க் கொழுந்து பறித்தேன். கணக்கெழுதும் கிராணியிடம் என் பேர் கிடையாது, நான் பறித்ததும் அம்மா கூடையில்தான் விழும். கவர்மெண்டு ஆள் ஜீப்பில் வருகிறார் என்றால் கங்காணி ஒரு கூடையைக் கவிழ்த்துத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் எல்லாம் செடிக்கடியில். வயதான தேயிலைச் செடி மேலே பாய் விரித்த மாதிரி இருக்கும். அடியில் தூரை ஒட்டி ஒரு பிள்ளை குந்துகிற அளவு இடம் இருக்கும். உள்ளே இருட்டு, ஈரம், எங்களுக்குச் சிரிப்பு. ஜீப்பில் வந்தவர் துரையோடு நாலு எட்டு நடப்பார், பங்களாவில் தேத்தண்ணி குடிப்பார், போய்விடுவார். ஒருத்தரும் குனிந்து பார்த்ததில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன வருசம் நானே ஒரு பிள்ளையை அப்படி ஒளித்து வைத்தேன்.

என் மகன் தோட்டத்து லோரி ஓட்டுகிறான், அதனால் நாங்கள் இன்னும் தொழிலாளர் லைன் வீட்டில்தான் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் தேயிலைச் சரிவு, அதன் கீழே சின்ன ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் திரிங்காப் ஊருக்குப் போகிற வழியில் ஒரு தவுக்கேயின், சீன முதலாளியின், காய்கறித் தோட்டம். நான் வல்லாரை பறிக்க ஆற்றங்கரைக்குப் போவேன். அங்கே ஒரு பிள்ளை கை கழுவ வரும். பதிமூன்று வயது இருக்கலாம், அதற்கே தெரியாது. இந்தோனேசியாப் பக்கம். நானும் அதுவும் கடைத்தெரு மலாயில் பேசிக்கொள்வோம். என்னை நெனெக் என்று கூப்பிடும், பாட்டி என்று அர்த்தம்.

கடையில் லேசான வேலை, சாயங்காலம் பள்ளிக்கூடம் என்று சொல்லி ஊர்க்காரி ஒருத்தி அழைத்து வந்தாளாம். வந்து சேர்ந்ததும் முதுகில் ஏறியதோ பூச்சிமருந்துப் பம்பு. பெரிய ஆள் கையுறையைக் கொடுத்திருந்தார்கள், அது கையில் நிற்காது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து, நகம் கறுத்துக் கிடந்தது. நானும் களைமருந்து அடித்தவள்தான், பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் கொண்டுபோய்த் தடவுவேன். அம்மாகிட்ட போகணும் என்று சொல்லும். வேறு ஒன்றும் கேட்காது. ஆனால் போலீஸ் பார்த்தால் ஜெயிலில் போட்டுவிடும், அம்மாவைப் பார்க்கவே முடியாது என்று அந்தத் தோட்டத்து மண்டோர் சொல்லி வைத்திருந்தான். மேஸ்திரி மாதிரி ஆள், மோட்டார் சைக்கிளில் சுற்றிக்கொண்டே இருப்பான்.

அன்றைக்குக் காலையில் மழை தூறிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கவர்மெண்டு வேன்கள் வந்து நின்றன. ஒரே ஓட்டமும் கூச்சலும். இந்தப் பிள்ளை ஆற்றைத் தாண்டி என்னிடம் ஓடி வந்தது. நான் யோசிக்கவே இல்லை. தலையைப் பிடித்து அமுக்கிச் செடிக்கடியில் தள்ளினேன். அப்புறம் அந்தச் செடி முன்னாலேயே நின்று கொழுந்து பறிக்க ஆரம்பித்தேன்.

ஒரு தமிழ்ப் பெண் மேலே ஏறி வந்தாள். லேபர் ஆபீஸ் அட்டை கழுத்தில். காலணியெல்லாம் சேறு.

"பாட்டி, ஒரு சின்னப் பொண்ணு இந்தப் பக்கம் வந்துச்சா?"

"இங்க கொழுந்தும் நானும்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இப்பல்லாம் மிஷின் வச்சுத்தானே வெட்டறாங்க? நீங்க கூடைகூட இல்லாம கையால பறிக்கிறீங்க."

"ரசத்துக்கு."

"தேயிலையிலா?"

"உனக்குச் சமைக்கத் தெரியாதுன்னா நான் என்னா பண்ண?"

சிரித்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போவாள் என்று பார்த்தால், ஈரத்தில் அப்படியே உட்கார்ந்தாள்.

"மத்த பிள்ளைங்க வேன்ல இருக்காங்க. கை புண்ணான ஒருத்தியக் காணோம்னு அவங்கதான் சொன்னாங்க. அவ ஆஸ்பத்திரிக்குப் போகணும், பாட்டி."

"அப்புறம் போலீஸ் லோக்காப்பா?"

"இல்லலா. பிள்ளைய மருந்தடிக்க வச்சவன்தான் குத்தவாளி. கடத்திட்டு வந்த பிள்ளைங்களுக்குன்னு தனியா இல்லம் இருக்கு. கேஸ் முடிஞ்சதும் ஊருக்கு அனுப்புவோம்."

"அந்தக் காலத்துல ஒங்க ஆபீஸ் ஆளும் நல்லாத்தான் பேசுவாரு. குனிஞ்சு பாத்தது கெடையாது."

அவள் காலணிச் சேற்றை வழித்துப் போட்டாள். "நான் கண்டுபிடிக்கலேன்னா அந்த மண்டோர் கண்டுபிடிப்பான். சாயங்காலத்துக்குள்ள கம்போங் ராஜா ஊரத் தாண்டி வேற தோட்டத்துக்குக் கொண்டுபோயிடுவான்" என்றாள்.

எனக்கு இரண்டு பக்கமும் இழுத்தது. இவளை நம்பிக் கொடுத்து, இவள் சொன்னது பொய்யானால் அந்தப் பிள்ளைக்கு அம்மா இல்லை. கொடுக்காவிட்டால்? லைன் வீட்டில் எத்தனை நாள் ஒளித்து வைப்பேன்?

அப்போது கீழே மண்பாதையில் அந்த மண்டோரின் மோட்டார் சத்தம் கேட்டது. பிள்ளை இருந்த செடி நடுங்கியது. காற்று இல்லை, மற்ற செடியெல்லாம் சும்மா நின்றன. இந்தப் பெண் இவ்வளவு நேரம் பேசியும் ஆடாத செடி, அவன் மோட்டாருக்கு ஆடியது.

எனக்கு அது போதும். கீழே குனிந்தேன். "கெலுவார்லா, நக். நெனெக் அடா" என்றேன். வெளியே வா பிள்ளை, பாட்டி இருக்கேன்.

ஆபீசுக்காரியும் கூடவே குனிந்தாள். முட்டி இரண்டும் சேற்றில். பிள்ளை அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. அப்புறம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

"நானும் வருவேன்" என்றேன்.

"வாங்க பாட்டி."

"வேன்ல அவ பக்கத்துல உக்காருவேன்."

"உக்காருங்க."

தலைத்துண்டும் பூட்சுமாக நான் கவர்மெண்டு வேனில் தானா ராத்தா டவுனுக்குப் போனேன். வழியெல்லாம் அந்தப் புண் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து போட்டுத் துணி சுற்றினார்கள். ஆபீசுக்காரி மைலோ வாங்கித் தந்தாள், பிள்ளை என்னுடையதையும் சேர்த்துக் குடித்தது.

இல்லம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "சொல்லக்கூடாது, பாட்டி. அவ பேரையும் யார்கிட்டயும் சொல்லாதீங்க. தேடி வந்துடுவாங்க." எனக்குச் சுருக்கென்றது. எண்ணெய் தடவினவளுக்கே சொல்ல மாட்டாளாம். அப்புறம் யோசித்துப் பார்த்தேன், எனக்கே சொல்லாதவள் அவனுக்கு எப்படிச் சொல்லுவாள்? சரி என்றுவிட்டேன். என் பேத்தியின் போன் நம்பரை மட்டும் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

லைனில் அதற்குள் கதை பரவிவிட்டது. வாசலிலேயே மருமகள் நிற்கிறாள். "ஏன் அத்தை, குழந்தைத் தொழிலாளின்னு உங்களையும் பிடிச்சுட்டாங்களா?"

"அறுபது வருசம் லேட்டா வந்தாங்கடி" என்றேன். லைன் முழுக்கச் சிரித்தது.

அதற்கப்புறம் மாதக்கணக்கில் ஒரு சேதியும் இல்லை. ஆற்றங்கரைக்குப் போகும்போதெல்லாம் அந்தச் செடியைப் பார்ப்பேன். தப்பாகக் கொடுத்துவிட்டேனோ என்று நினைப்பு வரும். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை, சொன்னால் மருமகள் ராத்திரி பூரா விபூதி பூசுவாள்.

போன மாதம் பேத்தி வீடியோ கால் என்று போனைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். கண்ணாடி போட்டுப் பார்க்கிறேன், அந்தப் பிள்ளை. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. பின்னால் ஓலைச் சுவர், கோழி சத்தம். பக்கத்தில் ஒரு பொம்பளை வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுகிறாள். அம்மாவாம். நெனெக் என்று கூப்பிட்டு, பிள்ளை இரண்டு கையையும் விரித்துக் காட்டியது. நகம் வெள்ளையாக முளைத்திருந்தது. எண்ணெய் தடவிக்கோ என்றேன். வேறு என்ன சொல்வதென்று அப்போது தோன்றவில்லை.

இவ்வளவுதான். எழுத்துக் கூட்டி எழுதி முடிக்க இரண்டு தேங்காய் எண்ணெய்ப் போத்தல் காலியாகிற நேரம் ஆகிவிட்டது. பேத்தி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இந்தா சாமி, மொதல்லேர்ந்து மெதுவா வாசிச்சுக் காட்டு. அந்தப் பிள்ளை பேரு எங்கயாச்சும் என்னைய அறியாம வந்திருந்தா, நல்லா அழுத்தி அடிச்சுடு.