சாமியா, அம்மியா

ஊட்டியில் ஒரு கல்லூரி நூலகத்தில் பழைய பொருள்களைச் சேகரித்து, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டுகிற வேலையைத் தொடங்கி வைத்தவன் நான். சொன்னால் தற்பெருமை என்பார்கள். சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். நாற்காலி துடைக்கத்தான் என்னை எடுத்தார்கள். துடைத்துக்கொண்டே அலமாரிகளில் முடங்கிக் கிடந்த படம், வரைபடம், பட்டயம் எல்லாவற்றையும் வகை பிரித்து அடுக்கினேன். நூலகர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "தொடைக்கிற வேலைக்கு வேற ஆளு போட்டுக்கலாம், நீங்க இதப் பாருங்க" என்றார்.

இந்த மலையில் எதை வைத்தாலும் பூஞ்சை பிடிக்கும். தேயிலைப் பெட்டிக்குள் ஒட்டியிருக்கும் வெள்ளித்தாளை உரித்து, கண்ணாடிப் பெட்டியின் பின்பக்கம் பதித்தேன். ஈரம் ஏறவில்லை. மூடுபனி நாளிலும் ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு, உள்ளே இருப்பது பளிச்சென்று தெரிந்தது. கோயமுத்தூரிலிருந்து வந்த பேராசிரியர்கள் யார் யோசனை என்று கேட்டுவிட்டுத்தான் போனார்கள். அட்டையில் விவரம் எழுதுவதும் நான்தான். எதுவானாலும் ஒரு வரியில் அடக்கிவிடுவேன். இந்தக் கல் வருகிற வரைக்கும்.

சிலோன் தோட்டங்களிலிருந்து நம் ஜனங்கள் கப்பலில் திரும்பி வந்துகொண்டிருந்த காலம். அவர்கள் கடல் தாண்டிக் கொண்டுவந்த பொருள்களை வைத்துக் கண்காட்சி போடலாம் என்றார் நூலகர் அம்மா. அப்படி வந்தவர்கள் குடியிருந்த, நடுவட்டம் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லைன் வீடுகளுக்குப் போனேன். கொழுந்துக் கூடை, கம்பளி, தகரப்பெட்டி என்று ஆளுக்கொன்று கொடுத்தார்கள். ஒரு வீட்டில் மட்டும் அம்மி இருந்தது. குழவி அதன் மேல் நட்டமாக நின்றது. சாயாமலிருக்க அடியில் சும்மாட்டுத் துணி. மூன்று பட்டை திருநீறு, குங்குமம், முன்னால் விளக்கு.

"ஏனுங்க அக்கா, அம்மிக்கு எதுக்குங்க பூசை?"

"அம்மின்னு சொல்லாதீங்க தம்பி. சாமி."

அந்த வீட்டுக்கார அம்மாள் சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

"தலைமன்னார்ல கப்பலேறும்போது மூட்டைய அவுக்கச் சொன்னாங்க. கல்லக் கண்டதும், தூக்கி வெளிய போடுன்னாங்க. எங்கம்மா கல்யாணத்துல மிதிச்ச கல்லு, நானும் மிதிச்ச கல்லு. போட மனசு வருமா? குழவிய நட்டமா நிறுத்தி, துண்ணூறப் பூசி, ஐயா இது எங்க சாமின்னுட்டேன். அந்த ஆபீசர் சப்பாத்தக் கழட்டிட்டுக் கும்பிட்டுட்டாரு!"

"சரி, இங்க வந்த பொறவு அரைக்க வேண்டியதுதானுங்களே?"

"என்னா பேச்சு பேசுறீங்க? சாமின்னு என் வாயால சொன்னேன். அதுவும் ஒத்துக்கிட்டுக் கடலத் தாண்டி வந்திச்சு. கரையேறுனதும் அது தலையில மொளகா அரைச்சா நான் மனுசியா?"

வந்த நாள் முதல் பக்கத்து வீட்டுக் கல்லில்தான் அரைத்துக்கொண்டிருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. மகளுக்குத் தை மாதம் கல்யாணம். அந்தப் பெண் கதவோரம் நின்று கேட்டாள்: "அம்மாயி மிதிச்சாங்க, நீ மிதிச்ச, நான் மட்டும் செங்கல்ல மிதிக்கவா?"

"சாமி மேல கால வைப்பியாடி?"

"நீ பொய்தான சொன்ன!"

தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் என்னிடம் திரும்பினார். "நீங்க கொண்டு போங்க தம்பி. படிச்சவங்க இருக்குற இடம். அங்க அட்டையில என்னான்னு எழுதுறீங்களோ, நாங்க அப்படியே வச்சுக்குறோம்."

"அம்மின்னு எழுதுங்க அண்ணே" என்றாள் மகள்.

கல்லைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர், "கல்லுக்கு லக்கேஜ் போடணுமுங்க" என்றார். "சாமிக்கே லக்கேஜுங்களா?" என்றேன். பஸ் முழுக்கச் சிரிப்பு. ஆனால் ஸ்டாண்டிலிருந்து கல்லூரி மேட்டுக்கு அதைத் தலையில் சுமந்து ஏறியபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. கழுத்து உள்ளே இறங்கிவிட்டது. இதைத் தூக்கிக்கொண்டா அந்த அம்மாள் ரயிலும் கப்பலுமாக வந்தார்!

நூலகத்தில் எங்கள் அட்டைக்கு இரண்டு இழுப்பறைகள். ஒன்று வீட்டுப் பொருள், மற்றது வழிபாட்டுப் பொருள். எதில் போடுவது? அம்மி என்றால் தாயைப் பொய்க்காரி ஆக்குகிறேன். சாமி என்றால் மகளின் காலைத் தடுக்கிறேன். நூலகர் அம்மாவும் யோசித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் தெரியலைங்க" என்றார். எழுதாத அட்டையையே பெட்டிமுன் வைத்தேன்.

கண்காட்சியன்று தாயும் மகளும் வந்தார்கள். தாய் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து மாணவிகளும் கழற்றினார்கள். மகள் நேராக அட்டையைப் பார்த்தாள்.

"என்ன அண்ணே, ஒண்ணுமே எழுதல?"

"எழுத வரலீங்க அம்மிணி" என்றேன். அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளித்தாள் வெளிச்சத்தில் அந்தக் கறுப்புக் கல் இருந்த இருப்பைத் தாய் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பெட்டியத் தொறங்க தம்பி" என்றார். திறந்து, கல்லைத் தரையில் இறக்கி, குழவியைப் பழையபடி நிறுத்தி வைத்தேன். சாமிக்குப் படைக்கக் கொண்டுவந்திருந்த விரலி மஞ்சளை மடியிலிருந்து எடுத்தார். கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குழவியைப் பிள்ளையைப் படுக்க வைப்பது போலச் சாய்த்தார். அங்கே குடிக்க வைத்திருந்த தண்ணீரில் கொஞ்சம் தெளித்து, தரையில் உட்கார்ந்து அரைக்க ஆரம்பித்தார்.

'அமைதி' என்று நானே பலகை எழுதி மாட்டிய கூடம் அது. கல்லும் கல்லும் உரசுகிற சத்தம் மேற்கூரை வரை போய்த் திரும்பியது. படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பேராசிரியர்கள் வந்தார்கள். மஞ்சள் வாசனை புத்தக வாசனையை மூடியது. எத்தனையோ பொருளை வெளிச்சம் போட்டுக் காட்டியிருக்கிறேன். ஒரு பொருள் தானே எழுந்து பேசி அன்றுதான் பார்த்தேன்.

அரைத்ததில் கொஞ்சம் கல்லுக்குப் பூசினார். மீதியை மகளின் பாதத்தில் பூசினார்.

"மஞ்சத்தான அரைச்சேன். சாமிக்கும் ஆச்சு, அம்மிக்கும் ஆச்சு. தொட்டுக் கும்பிட்டுட்டு மிதி."

அட்டையில் 'மஞ்சள் அரைக்கும் கல்' என்று எழுதினேன். எந்த இழுப்பறையிலும் போடாமல் என் மேசைமேலேயே வைத்துக்கொண்டேன்.

தை மாதம் கல்லை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். மாப்பிள்ளை பெண்ணின் காலைப் பிடித்து அதன்மேல் வைத்தபோது, தாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். திறந்ததும் கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பிடித்து, காதோரம் சொன்னார்:

"பாத்தீங்களா தம்பி, சாமி ஒண்ணும் சொல்லல."