பரணில் காய்ந்த ஜெல்

சிலிக்காவையும் பொலிமரையும் ஒன்றாகச் சேர்த்தால் அது எவ்வளவு சூட்டைத் தாங்கும்? தொண்ணூறுகளின் கடைசியில், பட்டப்படிப்பின் இறுதியாண்டில், என் தலையில் கட்டப்பட்ட கேள்வி இது. சிலிக்கன் கலந்த ஒரு திரவம், கொஞ்சம் தண்ணீர், துளி அமிலம், கரைத்த பொலிமர். கலக்கி வைத்தால் ஜெலி மாதிரி உறையும். கிண்ணத்தின் மூடியில் ஊசியால் துளையிட்டு வாரக்கணக்கில் மெல்லக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் வெடித்துத் தூளாகிவிடும். காய்ந்த துண்டைச் சூடாக்கிக்கொண்டே நிறுக்கும் இயந்திரம் ஒன்று, எந்தச் சூட்டில் எவ்வளவு எடை குறைகிறது என்று கோடு வரைந்து காட்டும். முதலில் தண்ணீர் போகும், பிறகு பொலிமர் எரியும், சிலிக்கா மிஞ்சும். என் பட்டம் அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

துண்டுகள் பாதி காய்ந்திருந்தபோது வேலைநிறுத்தம் என்று பல்கலைக்கழகத்தை மூடிவிட்டார்கள். மற்றவற்றை ஆய்வுகூடத்தில் விட்டுவிட்டு, ஒரு கிண்ணத்தை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு நோர்வூட் பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் ஈரமான எதுவும் அடுப்புக்கு மேலிருக்கும் பரணுக்குத்தான் போகும். விறகு, சட்டை, கொழுந்துக்குப் போகும்போது இடுப்பில் கட்டும் படங்கு, எல்லாம். ஒரு நாள் ஹட்டனுக்குப் போய்த் திரும்பினால் என் கிண்ணமும் அங்கே இருந்தது. அண்ணனைக் கட்டி அப்போதுதான் பொகவந்தலாவையிலிருந்து வந்திருந்த அண்ணியின் வேலை. நான் தினமும் அதை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விடுவதைக் கண்டு, காயவில்லையே என்று இரக்கப்பட்டு வைத்திருக்கிறார். கத்திவிட்டேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். அண்ணி முந்தானையைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார்.

ஆனால் துண்டு வெடிக்கவில்லை. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது. பல்கலைக்கழகம் திறந்ததும் இயந்திரத்தில் வைத்தேன். ஆய்வுகூடத்தில் காய்ந்தவற்றின் கோடுகள் எல்லாம் தொடக்கத்திலேயே சரிந்தன. இதன் கோடு வெகுதூரம் தட்டையாகப் போனது. பொலிமர்கூட மற்றவற்றைவிடத் தாமதமாகத்தான் எரிந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

யாழ்ப்பாணத்தவரான என் விரிவுரையாளர், இயந்திரம் வரைந்த கோட்டை நெடுநேரம் பார்த்தார். எத்தனை பாகைச் சூட்டில் காய்ந்தது என்று கேட்டார். அடுப்புக்கு மேலே என்றேன்.

“அடுப்புக்கு மேலை எண்டு எழுதேலாது, தம்பி. இன்னொருக்கா செய்து காட்டும்.”

அடுத்த விடுமுறையில் இன்னொரு கிண்ணத்தை அதே பரணில் நானே வைத்தேன். தூளாகிப் போனது. விறகு வேறா, மழை கூடவா, அன்றைக்கு விருந்தாளிகளுக்காக அதிகம் எரித்தோமா? இன்றுவரை தெரியாது. திரும்பச் செய்து காட்ட முடியாத அந்த நல்ல கோட்டைச் சேர்க்காமல், சரிந்த கோடுகளை வைத்தே பட்டம் வாங்கினேன்.

பட்டம் கிடைத்ததையும், பரணில் காய்ந்ததை ஆய்வில் சேர்க்க விடவில்லை என்பதையும் வீட்டில் சொன்ன அன்று அண்ணி சோறு போட்டுவிட்டு நகராமல் நின்றார்.

“தம்பி, அத நான் கெடுத்துப்புட்டேனா?”

“இல்லண்ணி. எல்லாத்துலயும் அதுதான் நல்லா வந்துச்சு.”

“நல்லா வந்துச்சுன்னா ஏன் வேணாம்னாங்க?”

காரணம் எனக்குத் தெரியும்தான். ஆனால் மனதுக்குள் எப்படிச் சொல்லிப் பார்த்தாலும் அண்ணிமேல் பழி போடுவது போலவே வந்தது. தலையைக் குனிந்து சாப்பிட்டேன். அதைத்தான் அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

அதன்பிறகு என் சாமான் எதையும் அண்ணி தொட்டதில்லை. மழையில் நனைந்து வந்து நான் கழற்றிப் போட்ட சட்டையைக்கூட.