மாஸ்டரின் தாழ்மையான விண்ணப்பம்

டென்மார்க்கில், ஒடென்சே நகரில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் மாஸ்டரின் விண்ணப்பத்தை எழுந்து நின்று வாசித்தவன் நான்தான். அப்போது நான் செயலாளர். பிள்ளைகள் டேனிஷில் பதில் சொல்வதால் தமிழ் கெடுகிறது, ஆகவே பெற்றோர் அவர்களோடு கதைப்பதையே நிறுத்த வேண்டும் என்பதே விண்ணப்பம். வீடுகளில் அமைதி பெருகும், தமிழும் ஒரு பிழையுமின்றிப் பெற்றோரின் வாய்க்குள் பத்திரமாக இருக்கும் என்று எழுதியிருந்தார். அருமையான செந்தமிழ். எங்கள் கூட்டங்களில் செந்தமிழில் எழுதிய எதையும் சந்தேகிக்கும் வழக்கமில்லை. கைதட்டி, ஏகமனதாக நிறைவேற்றினோம். மாஸ்டருக்கு அன்று வேலை, வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆங்கில இலக்கியம் படிப்பித்தவர், இங்கே என்னோடு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினார். கோப்பி இடைவேளையில் முந்நூறு வருடத்துக்கு முந்திய லண்டனைப் பக்கத்து வீடு மாதிரிக் கதைப்பார். மந்திரிமாரை நேரே திட்டினால் சிறை என்பதால், அந்தக் கால எழுத்தாளர்கள் பெயர் போடாமல் பிரசுரம் எழுதினார்களாம். கொடுமையான யோசனை ஒன்றை மரியாதைப்பட்ட மனிதர் போலப் பணிவாகச் சொல்வார்களாம். “வாசிக்கிறவனுக்கு முதல் சிரிப்பு வரவேணும், பிறகு வெக்கம் வரவேணும்” என்பார். நான் தலையாட்டிக்கொண்டு பாண் தின்பேன். மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

தீர்மானத்தை மற்றவர்கள் மண்டப வாசலிலேயே மறந்துவிட்டார்கள். செயலாளரான நான் கடைப்பிடித்தேன். பதினான்கு வயது மகள் டேனிஷில் கேட்ட எதற்கும் மூன்று கிழமை வாய் திறக்கவில்லை. முதல் கிழமை கேட்டுக்கேட்டுப் பார்த்தாள். பிறகு கேட்பதை விட்டாள். அதை வெற்றி என்று நினைத்தேன். இன்று நினைத்தால் என்மேலேயே எனக்குக் கோபம் வருகிறது.

பெருமையாகத்தான் மாஸ்டரிடம் சொன்னேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார். “ஐயோ தம்பி, அது பகிடியெல்லோ, அந்த லண்டன்காரர் எழுதின மாதிரி. நான் என்னைப் பற்றித்தான் எழுதினனான். டேனிஷிலை பதில் சொல்லுறான் எண்டு முதல் கதையை நிப்பாட்டினது நான்தான். என்ரை பெடியன் என்னோடை கதைச்சு ரெண்டு வருசம்.” என் தோளைப் பிடித்து, “இண்டைக்கே போய்க் கதை. டேனிஷிலை எண்டாலும் கதை” என்றார்.

அன்று பின்னேரம் மகளின் அறைக்குப் போய், தொழிற்சாலையில் பொறுக்கிய டேனிஷில், பள்ளிக்கூடம் எப்படி என்று கேட்டேன். புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பிறகு, “அப்பா, அப்பிடிச் சொல்லுறேல்லை” என்று தமிழில் திருத்தினாள். நான் தப்பினேன்.

சென்ற மாதம் மாஸ்டர் முதியோர் இல்லத்துக்குப் போனபின், வீட்டைக் காலி செய்ய அவருடைய மகன் ஓகூஸ் நகரிலிருந்து வந்தான். உதவிக்குப் போயிருந்தேன். விண்ணப்பம் அச்சான சங்க மலரை நீட்டி, அப்பா என்ன எழுதியிருக்கிறார் என்று டேனிஷில் கேட்டான். அவனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. வரி வரியாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, “இது நான்தானே” என்றான். இல்லை, அவர் தன்னைத்தான் எழுதினார் என்றேன். மலரைத் திரும்ப வாங்கிப் பெட்டிமேல் வைத்தான். பிறகு, அவரிடம் போய் என்ன சொல்வது என்று கேட்டான். “எப்பிடி இருக்கிறியள் அப்பா” என்பதை டேனிஷ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். பிழையாகத்தான் சொன்னான். நான் திருத்தவில்லை.