கேனைக் காலி செய்த எலியாஸ் வாத்தியார்

பேய்க்கு ராத்திரி டூட்டி மட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஆம்பூர் தௌசீப் அகமதுவை ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கட்டும். இது பட்டப்பகலில், உச்சி வெயிலில் நடந்தது. வெயிலைப் பற்றி வேண்டுமானால் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

2004, மே மாதம். ரோட்டில் முட்டையை உடைத்தால் திருப்பிப் போடுவதற்குள் கருகிவிடும், அப்படி ஒரு வெயில். தௌசீப் தோல் ஃபேக்டரியில் சூப்பர்வைசர். வேகப் பைத்தியம். அவனுடைய பழைய டர்போ டீசல் காருக்கு அவனும் மெக்கானிக் காசியும் ஒரு வித்தை செய்திருந்தார்கள். தண்ணீரும் மெத்தனாலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு வெள்ளைக் கேனில் ஊற்றி, பின் சீட்டுக்கு முன்னால் தரையில் கட்டி வைத்தார்கள். அதிலிருந்து ஒரு பம்ப், ஒரு டியூப். டியூபின் முனையில், தோலுக்குச் சாயம் அடிக்கிற ஸ்ப்ரே கன்னின் நாசில். ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் போகும் சூடான காற்றில் அந்தக் கலவை பனி மாதிரி தூவும். காற்று குளிரும். கார் பறக்கும். கார் வேலூர் போய்ச் சேர்ந்த பிறகும் அதன் நிழல் மாதனூரில்தான் வந்துகொண்டிருக்கும் என்பது காசியின் கணக்கு.

"பாய், கேன் காலியாச்சின்னா மிதிக்காத. பிஸ்டன் உருகிடும்" என்றான் காசி. "குடிக்கிற தண்ணி கேன் மாதிரியே கீது. எவனாவது வாயில வெச்சா கண்ணு போய்டும். அப்புறம் ஆளே போய்டுவான்."

அன்று காலை மாற்றுத் துணி எடுக்க ஆம்பூர் வீட்டுக்கு வந்த தௌசீப்புக்கு வேலூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பேசியது அம்மா குர்ஷித். அவன் மனைவி தபஸ்ஸுமுக்குப் பிரசவம் ஆகிவிட்டது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை.

"ஓ நெகட்டிவ் கைவசம் இல்லையாம். ரெண்டு மணிக்குள்ள ஏத்தலன்னா..."



நாட்றம்பள்ளி எலியாஸ் வாத்தியாருக்கு அதே ரத்தம். தௌசீப்பின் மூத்த மகள் பிறந்தபோதும் அவர்தான் கொடுத்தார். போன் செய்ததும், "பஸ் ஸ்டாப்புல நிக்கிறேன், நீ வா" என்றார்.

தௌசீப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு தாண்டிவிட்டது. வாத்தியார் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை முழுக்கச் செம்மண். அந்த வெயிலிலும் நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை.

"முன்னாடி ஒக்காருங்க சார்."

"பின்னாடியே இருக்கேன்."

கதவு சாத்திய சத்தம் கேட்ட மாதிரி தௌசீப்புக்கு ஞாபகமில்லை. மிதித்தான். நாலுவழிச் சாலை வேலை நடந்த காலம். புழுதி, லாரி, மண்மேடு. நாசில் தூவியது. கார் சீறியது. வாணியம்பாடி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம்...

களக்... களக்... களக்...

கண்ணாடியில் பார்த்தான். வாத்தியார் கேனை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்தார்.

"சார்! அது விஷம் சார்! கீழ வைங்க!"

வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தாகம் தம்பி. நீ வண்டிய ஓட்டு."

காரை நிறுத்தி அவரைப் பார்ப்பதா? நிறுத்தினால் தபஸ்ஸும் இருக்கமாட்டாள். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். வாத்தியார் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தார். கேனில்தான் ஒரு சொட்டு இல்லை.

இனி மிதித்தால் இன்ஜின் உருகும். மிதிக்காவிட்டால் ரெண்டு மணி தாண்டும்.

மிதித்தான்.

சூடு காட்டும் முள் ஏறவில்லை... இறங்கியது.

இன்னும் மிதித்தான். இன்னும் இறங்கியது.

காருக்கு ஏசி கிடையாது. மே மாத மத்தியானம். ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் பனி படர்ந்தது...

அவன் வாயிலிருந்து புகை வந்தது.

பின்னாலிருந்து புகை வரவில்லை.

மூச்சே வரவில்லை.

தௌசீப் அதற்கப்புறம் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஒன்றேகாலுக்கு ஆஸ்பத்திரி. வாத்தியார் யாரையும் வழி கேட்காமல் ரத்த வங்கிக்குள் நடந்தார். வெளியே வந்த நர்ஸ் ரோஸ், "இன்னா பாய், உங்க சாரை ஐஸ் பொட்டியில வெச்சா கொண்டாந்தீங்க? கை அப்படி ஜில்லுன்னு கீது. ஆனா ரத்தம் சூப்பர். சோதிச்சுப் பாத்துட்டோம், பொருந்துது" என்று சிரித்தாள்.

ரத்தம் ஏறத் தொடங்கியது. வாத்தியாருக்கு ஜூஸ் வாங்கிக்கொண்டு வந்தான் தௌசீப். ஆளைக் காணோம். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டாரோ என்னவோ. வீட்டிலாவது ஒரு நன்றி சொல்லிவைப்போம் என்று வராந்தாவில் நின்று போன் போட்டான். எடுத்தது அவர் மகள் ஜெமி. பின்னால் ஒரே அழுகை.

"அண்ணே... உங்ககிட்ட பேசிட்டு வெளிய வந்தாரு. ரோட்ட தாண்டும்போது லாரி... அங்கியே போய்ட்டாருண்ணே. பாடிய இப்பதான் திருப்பத்தூருக்கு எடுத்துட்டுப் போனாங்க."

"எப்போம்மா?"

"பதினொன்னரை மணி இருக்கும்."

தௌசீப் வார்டுக்குள் ஓடினான். பையில் பாதி ரத்தம் மிச்சம் இருந்தது. சொட்டு... சொட்டாக... இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கை டியூபை நோக்கிப் போனது. சற்று முன்வரை காகிதம் மாதிரி வெளுத்துக் கிடந்த தபஸ்ஸுமின் உதட்டில் லேசாகச் சிவப்பு வந்திருந்தது.

ரோஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னா பாய்? நிறுத்தணுமா?"

அவன் கையை எடுத்துக்கொண்டான்.

"வேணாம் சிஸ்டர்... ஏறட்டும்."