நெவில் பாஸ்கோ வீட்டுக்குப் போன வைக்கோல் லாரி

ஆற்றங்கரைப் பூங்காவில் நெவில் பாஸ்கோ பெயர் பொறித்த பெஞ்சு ஒன்று இருக்கிறது. எங்கள் ஊர் சேவைக் கிளப் போட்டது. சாவதற்கு முன்னால் நாலு வருஷம் அந்தக் கிளப் வாசலை அவர் மிதிக்கவே இல்லை. செத்த பிறகு பெஞ்சாம்! நான் அதில் உட்கார்வதில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை, என்ன செய்ய.

எங்கள் ஊர் மதுக்கடையான கூரிண்டா பப்பின் சமையற்கட்டு என்னுடையது. கிளப்காரர்கள் வியாழக்கிழமைதோறும் பின்னறையில் கூடிச் சாப்பிடுவார்கள். அவர்களுக்கு வருஷக்கணக்கில் ஆக்கிப் போட்டவள் நான். நெவில் அவர்களில் மூத்தவர். அப்பா விட்டுப்போன செம்மறிப் பண்ணை. ஒரே மகன் சுரங்க வேலைக்கென்று மேற்கே போய்விட்டான். அவரும் மனைவி ஜாய்ஸும் மட்டும்தான். கடைவாசலில் சாசேஜ் சுட்டு விற்க வேண்டுமா, ஆஸ்பத்திரிக்காகக் குலுக்கல் சீட்டு விற்க வேண்டுமா, தனியாக இருக்கிற கிழவிகளுக்கு விறகு பிளந்து போட வேண்டுமா, முதல் ஆளாக வந்து நிற்பார். பேச்சு குறைவு. வெங்காயம் வதக்கும்போது மட்டும் யாரையும் கிட்டே விடமாட்டார்.

மழை இல்லாத மூன்றாவது வருஷம், கிளப் வைக்கோல் திட்டம் ஆரம்பித்தது. கடற்கரைப் பக்கத்து விவசாயிகள் இனாமாகத் தந்த வைக்கோலை லாரியில் கொண்டுவந்து, தீவனம் இல்லாத பண்ணைகளுக்குக் கொடுக்கிற வேலை. யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற பொறுப்பு நெவிலிடம் இருந்தது. தனக்கென்று மட்டும் அவர் ஒரு கட்டுகூட ஒதுக்கவில்லை. கிளப் ஆள் கொடுக்கிறவர், கை நீட்டுகிறவர் இல்லை என்பது அவர்கள் வழக்கம். எந்த விதியிலும் அப்படி இல்லை. ஆனாலும் அதை மீறினால் ஊரில் தலைநிமிர முடியாது என்று நெவில் மாதிரி ஆட்கள் நம்பினார்கள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் என் பின்கதவைத் தட்ட ஆரம்பித்தார்.

"டல்சி, முட்டைகோஸ் தழை, காய்கறித் தோலு ஏதாச்சும் மிச்சமிருக்காம்மா? கோழிக்கு."

முதலில் ஒரு வாளி. பிறகு ஒரு சாக்கு. அப்புறம் வண்டியையே பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, காய்ந்த ரொட்டி, அழுகின கேரட் எல்லாவற்றையும் அள்ளினார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கோழியை எல்லாம் நரி கொண்டுபோய்விட்டது என்று முந்தின வருஷமே ஜாய்ஸ் என்னிடம் அழுதிருந்தாள்.

"நெவ், உங்க வீட்டுல ஏது கோழி?"

அவர் சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே இருந்தார்.

"சினை ஆடுங்க டல்சி. எங்கப்பா காலத்து வம்சம். இன்னும் ஒரு மாசம் ஓட்டிட்டா குட்டி போட்டுரும். காலைல எழுந்திரிக்கவே கஷ்டப்படுதுங்க."

"ஊருக்கெல்லாம் வைக்கோல் அனுப்புறீங்க. ஒரு லாரிய உங்க வீட்டுப் பக்கம் திருப்புனா குடியா முழுகிப்போயிரும்?"

"அது கிளப் வைக்கோலும்மா."

"நீங்க மட்டும் யாராம்?"

"நான் கிளப் ஆளு. அதான் கூடாது." சிரித்தார். "யார்கிட்டயும் சொல்லிராத, என்ன?"

சொன்னேன். ஏன் சொல்லக்கூடாது? வாயில்லா ஜீவன்கள் பட்டினி கிடக்கிறபோது ஒரு மனுஷனுடைய கௌரவத்தையா கட்டிக் காப்பாற்றுவது? நேராகக் கெர்ரி டோலனிடம் போனேன். கெர்ரி ஆடு மாடு ஏலம் விடுகிறவன், என்னோடு பள்ளியில் படித்தவன், கிளப்பின் அபராதக்காரன்.

அபராதம் என்றால் ஒன்றுமில்லை. சாப்பாடு முடிந்ததும் கெர்ரி ஒரு தகர டப்பாவோடு எழுந்து நிற்பான். புதுச் சட்டையா, போடு ஒரு டாலர். பெண்டாட்டியிடம் திட்டு வாங்கினாயா, போடு ஒரு டாலர். காசு தர்மத்துக்குப் போகும். பாசத்தைக் காட்ட அந்த ஆம்பளைகளுக்கு வேறு வழி தெரியாது. ஒருத்தனுக்கு நல்லது செய்யப் போகிறார்கள் என்றால் முதலில் அவனை நன்றாக ஓட்டி அபராதம் வாங்குவார்கள், பிறகுதான் செய்வார்கள்.

நான் சொன்னதைக் கேட்டதும் கெர்ரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். "அட கடவுளே, வாயத் தொறந்து கேட்டா என்ன இந்த மனுஷன்?" என்றான். உடனே போன் போட்டு நெவிலுக்கென்று ஒரு லாரி வைக்கோல் ஏற்பாடு செய்தான். சனிக்கிழமை காலையில் கிளப் மொத்தமும் லாரியோடு போய் அவர் வாசலில் இறங்கித் திக்குமுக்காட வைப்பதாகத் திட்டம்.

"டேய், இப்பவே அவர்கிட்ட சொல்லிருடா."

"சும்மா இரு டல்சி. முன்னாடியே சொன்னா வேண்டாம்னுருவாரு. வாசல்ல எறக்கிட்டா என்ன பண்ணுவாரு?"

அதிலும் நியாயம் இருந்தது. அத்தோடு விட்டானா அந்த முட்டாள்?

வியாழக்கிழமை அபராத நேரத்தில் நான் புட்டிங் தட்டுகளோடு உள்ளே போகிறேன்.

"அடுத்த குற்றவாளி, நெவில் பாஸ்கோ!" கெர்ரி டப்பாவைக் குலுக்கினான். "டல்சியோட முட்டைகோஸ் தழைய மூட்டை மூட்டையா கடத்தியிருக்காரு. கோழிக்காம்! நாலு காலு, உடம்பெல்லாம் கம்பளி... அது என்ன ரகக் கோழிண்ணே?"

அறையே அதிர்ந்தது. மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். வரப்போகிற லாரியை நினைத்துத்தான் அவர்களுக்கு அத்தனை சந்தோஷம். நெவிலுக்கு லாரி விஷயம் தெரியாதே! அவர் காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

அவரும் சிரித்தார். "முட்டை பெருசா இருக்கும்ப்பா" என்று சொல்லி டப்பாவில் ஒரு டாலரைப் போட்டார். என்னை ஒரு தடவை பார்த்தார். புட்டிங்கைத் தொடவில்லை.

சனிக்கிழமை லாரி ஹாரன் அடித்துக்கொண்டே போனது. பின்னால் ஏழெட்டு வண்டி. ஒருத்தன் சாசேஜ் அடுப்பையும் இழுத்துக்கொண்டு வந்தான். நானும் போனேன்.

மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஆடுகூட இல்லை. கொட்டகைக்குப் பின்னால் நெவில் டிராக்டரில் உட்கார்ந்து ஒரு பள்ளத்தை மூடிக்கொண்டிருந்தார். ஓரத்தில் இன்னும் மண் விழாத இடத்தில் கம்பளி தெரிந்தது. வயிறு பெருத்த ஆடுகள். யாரோ ஓடிப்போய் லாரிக்காரனை ஹாரனை நிறுத்தச் சொன்னார்கள்.

ஜாய்ஸ் வீட்டுக்குள்ளிருந்து வந்தாள். சட்டைக் கையெல்லாம் ரத்தம்.

"நேத்து பூரா துப்பாக்கியால சுட்டாரு," என்றாள். "ஒவ்வொண்ணா நான்தான் பிடிச்சுக்கிட்டேன்."

"ஏன் ஜாய்ஸ்? ஐயோ, ஏன்?" என்றான் கெர்ரி.

"எல்லாருக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு, ஒருத்தர்கூட ஒரு கட்டு எடுத்துக்கோன்னு சொல்லல, அப்ப நமக்குக் கிடையாதுன்னு ஆயிருச்சுன்னாரு. அதுங்கள இன்னும் பட்டினி போட மனசு வரலைன்னாரு."

"திடீர்னு கொண்டாந்து நிறுத்தி, அவர அசத்தலாம்னு இருந்தோம்," என்றான் கெர்ரி.

"வியாழக்கெழமையே சொல்லியிருக்கலாமேப்பா," என்றாள். சத்தம் போடவில்லை. நாலு வார்த்தை கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு.

நெவில் டிராக்டரை நிறுத்திவிட்டு வந்தார். லாரியைச் சுற்றி வந்து, ஒரு கட்டிலிருந்து கொஞ்சம் உருவி மோந்து பார்த்தார்.

"நல்ல வைக்கோல். யாருக்கு?"

நான்தான் சொன்னேன். "உங்களுக்குத்தான் நெவ்."

அவர் தலையை ஆட்டினார். கையிலிருந்ததைத் திரும்பக் கட்டுக்குள் செருகினார்.

"ஆத்துக்கு அந்தாண்ட பண்ணை வச்சிருக்கிற எல்வெரா வீட்டு மாடுங்க இன்னும் நிக்குது. அங்க கொண்டு போயிருவோம். நான் வழி காட்டுறேன்" என்று டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

நாங்கள் பின்னாலேயே போனோம். எல்வெரா வீட்டில் அவரே மேலே ஏறிக் கட்டுகளை இறக்க ஆரம்பித்தார். கெர்ரியும் ஏறி, அவர் தூக்கிய கட்டின் மறுமுனையைப் பிடித்தான். நெவில் அந்தக் கட்டைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்துக்கொண்டார்.