எக்ஸ்ரேயில் தெரியாத மூச்சு

முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கு மூச்சு முட்ட ஆரம்பித்தது. கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் காலை ரயிலேறி, பெங்களூரில் படித்துவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புகிறவள் நான். ஒரு நாள் ஒயிட்ஃபீல்டு தாண்டியதும் விரல்கள் மரத்துப்போயின. நெஞ்சு அடித்துக்கொண்டது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். பக்கத்திலிருந்த அக்கா ஒருவர் தண்ணீர் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அந்த வாரமே இன்னும் இரண்டு முறை வந்தது.

பல்கலைக்கழகத்தில் மாணவர் ஆலோசனை மையம் ஒன்று இருந்தது. ‘தயங்காமல் பேசுங்கள்’ என்று கழிவறைக் கதவில்கூட அதன் சுவரொட்டி. நான் தயங்கவில்லை. மையம்தான் பூட்டிக் கிடந்தது. செவ்வாயும் வியாழனும் மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் திறப்பார்களாம். எனக்கு அதே நேரத்தில் ஆய்வக வகுப்பு. இரண்டு வாரம் பொறுத்தேன். மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை, ஆய்வகத்தை விட்டுவிட்டுப் போனேன். எழுத்தர் ஒரு படிவத்தை நீட்டி, பெற்றோர் கையெழுத்து வேண்டும் என்றார்.

“எனக்கு இருபத்திரண்டு வயசு சார்.”

“ரூல்ஸ்மா. கையெழுத்தோட நாளைக்கு வா.”

நாளைக்குப் புதன்கிழமை என்பது அவருக்கும் தெரியும்.

வீட்டில் சொன்னேன். அப்பா பெங்களூரில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி. நான் சொன்னதில் ‘மூச்சு’ மட்டும்தான் அவர் காதில் விழுந்தது. அவருடைய அப்பா சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நுரையீரலில் தூசி படிந்து, இருமி இருமியே போனவர். சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் மூச்சு முட்டுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“இன்னாம்மா சொல்றே? எத்தினி நாளா இருக்குது? இருமல் வருதா?”

“அது இல்லப்பா. இது மனசு சம்பந்தப்பட்டது.”

“மனசுக்கு இன்னா வந்துச்சு? மூச்சு நெஞ்சுலதானே இருக்குது? கெளம்பு, படம் எடுத்துடலாம்.”

எடுத்தோம். நுரையீரல் சுத்தம் என்றார் டாக்டர். அப்பா வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார். எனக்கு எரிச்சல் பொங்கியது. எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி யார் என்னை நம்புவார்கள்? அந்தச் சந்தோஷத்தில் அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டதுதான் ஒரே லாபம்.

முதல் ஆலோசகர் இளம்பெண், நன்றாகக் கேட்டார். முதல் ஆண்டில் ஒரு தாளில் தோற்றதை வீட்டில் மறைத்து வைத்திருந்ததை அவரிடம்தான் முதன்முதலில் சொன்னேன். அடுத்த முறை போனபோது அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறொருவர். “முதல்ல இருந்து சொல்லுங்க” என்றார். என் கோப்பு எங்கே என்று கேட்டேன். கைவிரித்தார். மறுபடி எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு வாரத்தில் அவரும் போய், ஒரு அம்மா வந்திருந்தார்.

அன்று காலை ரயிலில் அப்பா என் பக்கத்தில் இருந்தபோதே அது வந்தது. இறங்கும்வரை அவர் என் கையை விடவில்லை. வேலைக்குப் போகாமல் என்னோடு மையத்துக்கு வந்தார். புதிய அம்மா, “முதல்ல இருந்து...” என்று தொடங்கியதுமே நான் எழுந்து வெளியே வந்து அழுதேன்.

அப்பா எழுத்தரின் மேசைக்குப் போனார்.

“சார், நான் கேட்ல வாட்ச்மேன் வேலை பாக்கறவன். ஷிப்ட் மாறும்போது இன்னா நடந்துதுன்னு நோட்டுல எழுதி வெச்சுட்டுத்தான் போறோம். உங்களுக்கு ஒரு நோட்டு இல்லியா? எத்தினி வாட்டி இந்தப் பொண்ணு அதையே சொல்லும்?”

உள்ளேயிருந்து வந்த அந்த அம்மாதான் பீரோவைத் திறந்து தேடினார். வேறு துறையின் கட்டுக்குள் என் கோப்பு இருந்தது. நின்றபடியே படித்துவிட்டு, “நீங்க எதுவும் திரும்பச் சொல்ல வேண்டாம், வாங்க” என்றார்.

அவரிடம் ஐந்து முறை போனேன். படபடப்பு வந்தால் பயப்படாமல் மூச்சை எப்படி மெதுவாக விடுவது என்று பழக்கினார். தோற்ற தாளைப் பற்றி அப்பாவிடம் நானே சொன்னேன். “இதுக்காம்மா இவ்ளோ?” என்று கேட்டார்.

ஆறாவது முறை போனபோது மையத்தை மூடியிருந்தார்கள். தேர்வு மாதமாம், விடைத்தாள் கட்டுகளை அடுக்க அந்த அறை தேவைப்பட்டதாம். பிள்ளைகளுக்கு மூச்சு முட்டுகிற மாதமே அதுதான் என்று நிர்வாகத்துக்கு இரண்டு பக்கம் எழுதினேன். பரிசீலிக்கப்படும் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

தேர்வு எழுதினேன், தேறினேன். இப்போது வேலைக்குப் போகிறேன். மூச்சு முட்டுவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. கோபம் குறையவே இல்லை.